மருத்துவமாதா, வைத்திய நிபுணரா? ஒரு வரைபுத்தாள் சொல்லும் பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தலைப்பிள்ளை, ஆறாம் மாதம். ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள், தன் பிரசவத்தை மருத்துவமாதே பார்த்ததாகப் பெருமையாகச் சொல்கிறாராம். மாமியாரோ, பெயர்போன மகப்பேற்று நிபுணரிடம் தனியாரில் இப்போதே பதிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். யார் சொல்வது சரி?

அவரவர் ஊருக்கு அவரவர் சரி. ஸ்காபரோ இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1994 முதல் மருத்துவமாது பதிவுபெற்ற தொழிலர். சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் தொடக்கம் முதல் பிரசவம்வரை அவரே பார்க்கலாம், செலவு அரசினுடையது. கொழும்பில் அப்படிப் பிரித்து எடுக்க முடியாது. வீடு தேடி வருவதும், கிளினிக்கில் நிறை பார்ப்பதும், டி சொய்சா, காசல் வீதி மகளிர் வைத்தியசாலைகளின் பிரசவ அறையில் பிள்ளையை ஏந்துவதும் பெரும்பாலும் மருத்துவமாதுதான். நிபுணர் மேலே இருந்து பார்த்துக்கொள்வார். தனியாரிலும், வலி எடுத்த நீண்ட மணித்தியாலங்களில் பக்கத்தில் நிற்பது நீங்கள் பணம் கட்டிய நிபுணர் அல்ல.

மருத்துவமாது தொடர்ந்து பார்க்கும் முறையை ஆராய்ந்த 15 சோதனைகளை, 17,674 பெண்களின் விவரங்களோடு, 2016இல் ஒருங்கே தொகுத்துப் பார்த்தார்கள். ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவங்களும் குறைமாதப் பிறப்புகளும் அந்த முறையில் குறைவாக இருந்தன. ஆனால் அவை பணக்கார நாடுகளில் நடந்தவை. கூப்பிட்டால் வைத்தியர் வந்துவிடும் இடங்கள்.

அப்படியானால், எந்த நிமிடத்தில் கூப்பிடுவது? இங்கேதான் எனக்குப் பிடித்த தாள் வருகிறது. பெயர் பார்ட்டோகிராம்.

கருப்பைக் கழுத்து விரிவதை நேரத்துக்கு எதிராக வரைந்து பார்க்கலாம் என்று 1954இல் நியூயோர்க்கில் வைத்தியர் ஃபிரீட்மன் காட்டினார். அதைக் கருவியாக்கியவர்கள் அன்றைய ரொடீசியாவில், இன்றைய சிம்பாப்வேயில், பணியாற்றிய பில்பொட்டும் காசிலும், ஆண்டு 1972. அங்கே தூரத்துச் சிறு நிலையங்களில் மருத்துவமாதுகள் மட்டுமே இருந்தார்கள். வைத்தியர் நகரத்தில். தேவையில்லாமல் அனுப்பினால் நகரத்து வைத்தியசாலை நிரம்பி வழியும். தாமதித்து அனுப்பினால் தாய் வழியிலேயே இறந்துபோவாள்.

அவர்கள் செய்தது சாதாரண தரக் கணிதம். கிடையாக மணித்தியாலம், நிலைக்குத்தாகச் சென்ரிமீற்றர். மணித்தியாலத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற படித்திறனில் ஒரு சாய்கோடு. அது எச்சரிக்கைக் கோடு. நான்கு மணித்தியாலம் வலப்பக்கமாகத் தள்ளி அதற்குச் சமாந்தரமாக இன்னொன்று. அது செயற்பாட்டுக் கோடு. அந்த நான்கு மணித்தியாலம் உடலியலில் இருந்து வந்ததல்ல. நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான அவகாசம் அது. ஊரின் தூரத்தையே தாளில் வரைந்துவிட்டார்கள்!

காலை 8 மணிக்குக் கழுத்து 4 சென்ரிமீற்றர் விரிந்திருக்கிறது என்று வையுங்கள். பகல் 12 மணிக்கு 8 என்றால் புள்ளி எச்சரிக்கைக் கோட்டிலேயே விழும், மருத்துவமாது பார்த்துக்கொள்வார். 6 மட்டும்தான் என்றால் புள்ளி எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் போய்விடும். வைத்தியருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பிற்பகல் 4 மணிக்கு 8 மட்டும்தான் என்றால் புள்ளி செயற்பாட்டுக் கோட்டைத் தொட்டுவிட்டது. பனிக்குடத்தை உடைப்பதா, வலியைக் கூட்டும் ஒட்சிற்றோசின் மருந்தை ஏற்றுவதா, சிசேரியனா என்று வைத்தியர் அப்போது முடிவெடுத்தே ஆக வேண்டும். அதே தாளில் குழந்தையின் இதயத் துடிப்பு, பனிக்குடநீரின் நிறம், பத்து நிமிடத்தில் எத்தனை வலி, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களிடம் இதைச் சோதித்து 1994இல் வெளியிட்டது. 18 மணித்தியாலத்துக்கு மேல் இழுபட்ட பிரசவங்கள் 6.4 வீதத்திலிருந்து 3.4 வீதமாகக் குறைந்தன. அதைவிட என்னை வியக்கவைத்தது, வலியைக் கூட்ட மருந்து ஏற்றியது 20.7இலிருந்து 9.1 வீதமாக இறங்கியது. மருத்துவமாதிடம் ‘கூப்பிடு’ என்று சொல்லும் அதே கோடு, அவசரக்கார வைத்தியரிடம் ‘பொறு’ என்றும் சொல்லியிருக்கிறது. ஒரு தாளும் ஒரு பேனாவும்! விற்க எதுவும் இல்லாததால், இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குப் பணம் போட எந்தக் கம்பனிக்கும் ஆசை வராது. அரசுகள்தான் போட வேண்டும். அவை ஸ்கேன் இயந்திரத்துக்கு நாடா வெட்டவே விரும்புகின்றன.

கோட்டுக்கும் வயதாகிவிட்டது. நல்ல உடல்நலமுள்ள பல பெண்களுக்கு அந்த வேகம் வராது என்று தெரிந்த பிறகு, 2020இல் அதே நிறுவனம் வெளியிட்ட புதிய தாளில் அந்தச் சாய்கோடுகள் எடுக்கப்பட்டன. இப்போது ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் தனித்தனி அவகாசம். கணக்குத் தொடங்குவதும் 5 சென்ரிமீற்றரில்.

மாமியார் இன்னொன்றும் கேட்டாராம்: நல்ல நட்சத்திரத்தில் சிசேரியன் செய்யலாமா? வாக்கியமா திருக்கணிதமா என்றே நம் பஞ்சாங்கக்காரர்களுக்குள் உடன்பாடு இல்லை. மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், நாள் பார்த்து 39 வாரத்துக்கு முன்னே எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதில் வைத்தியர்களுக்குள் உடன்பாடு இருக்கிறது.

சகோதரி, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய், இரட்டைப் பிள்ளை, பிள்ளை குறுக்கே கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தொடக்கத்திலிருந்தே நிபுணரின் கண்காணிப்பில் இருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பதியப்போகும் இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு என் பக்கத்தில் யார் இருப்பார்? அந்தத் தாளை யார் நிரப்புவார்? அவர் கூப்பிட்டால், சத்திரசிகிச்சை செய்யக்கூடிய வைத்தியர் எத்தனை நிமிடத்தில் வருவார்?