அரளிக் கிளையை எங்கே வீசினீர்கள்?

சித்திரை பிறந்தால் வீட்டுத் தோட்டத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. குண்டுமல்லி கொட்டுகிறது, செம்பருத்தி, நந்தியாவட்டை என்று எங்கும் பூ. எல்லாவற்றையும் மிஞ்சி அரளி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கொத்துக்கொத்தாக நிற்கும். அழகுதான், நான் மறுக்கவில்லை. தெருப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று கிளைகளைக் கழித்துப் பக்கத்துக் காலி மனையில் வீசுகிறீர்களே, அங்கேதான் கால்நடை மருத்துவனுக்கு வேலை ஆரம்பிக்கிறது.

போன வாரம் மறுபடியும் இரண்டு வெள்ளாடுகள். ஒன்று வண்டியிலேயே செத்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் பெருவயிற்றில் குறுகலான, தடித்த இலைத் துண்டுகள். நடுநரம்பு வெள்ளையாக, மசியாமல் அப்படியே கிடக்கிறது. ஆட்டுக்காரம்மா சொன்னதும் வழக்கமான வசனம்தான்: "வாயில்லா ஜீவனுக்குத் தெரியும் சார், விஷத்தைத் தொடாது."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பச்சை அரளி கசக்கும். செடியில் நிற்கும்போது மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், உண்மை. நெடுஞ்சாலை நடுவில் அரளி மேயப்படாமல் நிற்பதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை. ஆனால் வெட்டிப் போட்ட கிளை வாடியதும் மாடு பழையபடி ஒதுங்குவதில்லை, தின்றுவிடுகிறது. இலை வாடினால் விஷம் வாடாது. சருகாகக் காய்ந்த பிறகும் இருக்கும். அதுவும் கோடையில், பச்சை என்று ஒன்று கண்ணில் படாமல் அலைகிற மாட்டுக்கு முன்னால் கிடந்தால்? புல்லோடும் வைக்கோலோடும் கலந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம். மாடு ஒவ்வோர் இலையாகப் பொறுக்கித் தின்கிற பிராணியா? நாக்கைச் சுழற்றி ஒரு வாய் அள்ளி விழுங்கிவிட்டு, பிறகு சாவகாசமாக அசைபோடும். வாந்தி எடுத்து வெளியேற்றவும் அதற்கு வழியில்லை.

இலை, பூ, பட்டை, வேர், விதை எல்லாமே நஞ்சு. அடிப்பது இதயத்தை. கழிச்சல், வயிற்றுவலி, காதும் காலும் சில்லிட்டுப் போவது, தாறுமாறான நாடித்துடிப்பு என்று போகும். சில மாடுகள் எதையும் காட்டாமல் திடீரென்று சாயும். சாய்ந்த மாட்டைப் பார்த்ததும் "பால் காய்ச்சல்" (கன்று ஈன்ற மாடு கால்சியம் குறைந்து படுத்துவிடுவது) என்று தீர்ப்பெழுதிக் கால்சியம் ஊசி ஏற்றுகிற ஊர்க்கைவைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை: அரளி தின்ற மாட்டுக்குக் கால்சியத்தை நரம்பில் ஏற்றினால் தடுமாறுகிற இதயம் அதோடு நின்றுவிடலாம்.

புளிக்கரைசல், நல்லெண்ணெய், மோர் எதையும் மூங்கில் குழாயில் வாய்க்குள் ஊற்றாதீர்கள். பாதி நுரையீரலுக்குப் போகும். விஷத்தில் தப்பிய மாட்டைச் சளிக்காய்ச்சலில் சாகக் கொடுக்க வேண்டுமா?

கோயில் பக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிழா முடிந்ததும் அரளி மாலைகளைக் குவியலாகக் குளக்கரையில் கொட்டுகிறார்கள். மறுநாள் காலை தெருமாடுகள் அங்கேதான் நிற்கின்றன. கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்தியது. அதே சமயத்தில்தான் பத்தனம்திட்டா மாவட்டத்தில் அரளி தின்ற பசுவும் கன்றும் செத்த செய்தியும் வந்தது. பசுவைக் கும்பிடுகிற நாம் அதன் வாய்க்கு எட்டாத இடத்தில் மாலையைப் போடலாமே.

பொன்னரளியும் இதே கணக்குதான். அதன் காயை வைத்துப் பிள்ளைகள் விளையாடுவார்கள். பறித்துக் குழிக்குள் போடுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் ஆசையாக வளர்க்கிற அடீனியமும் அரளிக் குடும்பம்தான். கழித்த துண்டுகளை மாட்டுத் தொட்டியில் போடும் காய்கறிக் கழிவோடு சேர்க்காதீர்கள்.

செடியை வெட்டி எறியச் சொல்லவில்லை. கழித்த கிளையை அன்றைக்கே குழிதோண்டிப் புதையுங்கள். இடமில்லையென்றால் சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்காரரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. மாடு கட்டும் இடத்துக்கு அருகில் அரளி வேலி வேண்டவே வேண்டாம்.

தின்றது தெரிந்தால் மாட்டை நடத்தாதீர்கள், ஓட்டாதீர்கள். நிழலில் கட்டிவிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். விஷத்தை உறிஞ்சும் மருந்துக் கரித்தூளை நாங்கள் கொடுப்பதென்றாலும் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். பாலை நாங்கள் சொல்லும்வரை வீட்டுக்கும் வேண்டாம், சொசைட்டிக்கும் வேண்டாம். முக்கியமாக, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வருமே என்று "என்ன தின்னதுன்னு தெரியல சார்" என்று மழுப்பாதீர்கள். வாயோரம் ஒட்டிய இலை ஒன்றிருந்தாலும் எடுத்து வையுங்கள். யார் வீட்டு இலை என்று நான் கேட்க மாட்டேன்.