சானி கணவாய் ஏறியவருக்கும் கலஹாரி மணல் புதிதுதான்

டர்பனில் ஃபோர் பை ஃபோர் வைத்திருக்கும் நம்மவர்களில் பலருக்குக் கரடுமுரடான பாதை என்றால் லெசோத்தோ மலைக்கு ஏறும் சானி கணவாய்தான். 2,876 மீட்டர் உச்சிவரை கல்லிலும் சரளையிலும் ஏறியாயிற்று, இனி எதுவும் முடியும் என்ற தைரியத்தில் கலஹாரிக்குப் போகும் வழிகாட்டிக் குழுவில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். முதல் மணல்மேட்டிலேயே வண்டி அச்சுவரை இறங்கிவிடும். கல்லில் ஊர்ந்து போக வேண்டும். மணலில் ஓட்டம் அறுபடக் கூடாது. ஊர்க் கடற்கரையில் பழகிக்கொள்ளலாமே என்றால், பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்ட 2002 முதல் நாடு முழுக்கத் தடை.

வழிகாட்டி முன்வண்டியில் இருப்பார், ரேடியோவில் பாதை சொல்வார். உங்கள் டயரில் எவ்வளவு காற்று, வண்டிக்கு அடியில் என்ன சிக்கியிருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாது. அது உங்கள் பாடு.

முதலில் காற்று. தார்ச்சாலையில் 2.2 முதல் 2.4 பார் (காற்றழுத்த அளவு) வரை வைத்திருக்கும் சாமான் ஏற்றிய பக்கியை, அதாவது பிக்கப் வண்டியை, மணல் தொடங்கும் இடத்தில் 1.4-க்கு இறக்குங்கள். திணறினால் 1.2. புதைந்துவிட்டால், வெளியே வருவதற்கு மட்டும் 1.0. அதற்கும் கீழே 0.8 பக்கம் போனால், ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். தரையில் படியும் நீளம்தான் நன்றாகக் கூடும். எடை பரவுவதும் வண்டி மிதப்பதும் அதனால்தான். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்; மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். ரிக்டர்ஸ்வெல்ட் போன்ற கல் பாலைவனத்தில் இவ்வளவு இறக்கவே கூடாது. கூரிய கல் பக்கச்சுவரைக் கிழித்தால் அதற்கு ஒட்டு கிடையாது.

மணலில் பிரேக் போடாதீர்கள். சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து அதுவே தடையாகிவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டி தானே நிற்கும். முடிந்தவரை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். மணல்மேட்டில் நேராக ஏறி, முடியாவிட்டால் ரிவர்ஸ் கியரில் அதே தடத்தில் நேராக இறங்குங்கள். சரிவில் குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும். சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். இன்னும் ஒரு மிதி மிதித்தால் வந்துவிடும் என்று தோன்றும். அந்த ஒரு மிதிதான் அச்சைப் புதைக்கும். நீண்ட கம்பியில் சிவப்புக் கொடி கட்டச் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. மேட்டுக்கு அந்தப் பக்கம் வருபவருக்கு முதலில் தெரிவது அந்தக் கொடிதான்.

டர்பன்காரர்கள் கேள்விப்பட்டே இராத ஆபத்து ஒன்று உண்டு: புல். கலஹாரித் தடத்தில் இரண்டு சக்கரக் கோடுகளுக்கும் நடுவே ஒரு திட்டு எழும்பி நிற்கும். அங்கே அதை மிடல்மானிக்கி என்பார்கள். மழைக்காலம் முடிந்து அதில் புல் முற்றும்போது, வண்டி அதைச் சீவிக்கொண்டே போகும். விதைகள் ரேடியேட்டரை அடைத்து எஞ்சின் சூடேறும். புல்தாள்கள் புகைபோக்கிக் குழாயின் மேலும் அடித்தகடுகளின் இடுக்கிலும் கத்தையாகச் சேரும். டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டி.பி.எஃப் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அதற்குள் வெப்பம் 600 டிகிரியை ஒட்டிப் போகும்; காய்ந்த புல்லுக்கு அது தாராளம். முன்னால் விதைவலை கட்டுங்கள். நிழல்வலைத் துண்டும் போதும். புல் அடர்ந்த இடத்தில் 20 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, அடியில் படுத்துப் பார்த்து, வளைத்த கம்பியால் இழுத்துவிடுங்கள். தோல் கையுறை வேண்டும், குழாய் கொதிக்கும். நிறுத்தும் இடத்தில் புல் இருக்கக் கூடாது. தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்ட இருக்கட்டும். கூலர் பெட்டிக்கு அடியில் கிடந்தால் வண்டி எரிந்து முடிந்த பிறகுதான் கிடைக்கும்.

புதைந்த வண்டியை இழுக்கும்போதுதான் உயிர் போகும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டவே கட்டாதீர்கள். திடீர் இழுப்பில் அது முறிந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு ஓட்டுநர்மேல் பாயும். சேசிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். வண்டியைக் கப்பலில் கட்டுவதற்கு வைத்த மெல்லிய வளையத்தை அதுவென்று நினைத்துவிடாதீர்கள். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிள் 4.75 டன் முத்திரை உள்ளதாக இருக்கட்டும். அதற்கும் முன்னால் மண்வெட்டி: நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் வயிற்றுக்கு அடியிலும் மணலைத் தள்ளி, காற்றை இறக்கினால் பாதி நேரம் கயிறே வேண்டாம். வேண்டியிருந்தால் கயிற்றின் நடுவில் கனமான போர்வையைப் போட்டு, எல்லோரையும் கயிற்று நீளத்தைப் போல் இரு மடங்கு தள்ளி நிறுத்திவிட்டு இழுங்கள்.

மற்றவை சுருக்கமாக. குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர். தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் டீசல் குடிக்கும் வண்டி மணலில் 15 குடிக்கலாம். வாடகை வண்டி என்றால் அடித்தளத்துக்கும் டயருக்கும் காப்பீடு உண்டா என்று கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள். ஜூன், ஜூலை இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். புரட்டாசி விரதத்தில் போகிறவர்கள் வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் பிராய்தான், அதாவது தணலில் சுடும் கறி; கறி வேகும் அதே கம்பித்தட்டில்தான் உங்கள் சோளமும் வேகும்.

தடம் முடிந்ததும் தார் ஏறும் முன்பே காற்றை நிரப்புங்கள். 12 வோல்ட் கம்ப்ரசரை பாட்டரியில் நேராக மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு நிரப்ப வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டினால் ஃப்யூஸ் போகும். நான்கு டயருக்கும் சேர்த்துக் கால்மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குள் சக்கர நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, அடியில் மிச்சமிருக்கும் புல்லையும் இழுத்துவிடலாம்.