மானுக்கு விருந்து வைக்காதீர்கள், ஐயா

பங்குனி பிறந்தால் முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடிப் பக்கமிருந்து இப்படி ஓர் அழைப்பு வந்துவிடும். இந்த வருடத்தில் இது மூன்றாவது. "டாக்டர், நம்ம தோட்டத்துல ஒரு மான் எந்திரிக்க மாட்டேங்குது, வயிறு ஊதிப்போய்க் கிடக்கு." வனத்துறை ஆட்களோடு நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெட்டைப் புள்ளிமான் செத்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் வயிறு நிறைய மக்காச்சோளமும் சோறும். கூடவே ஒரு பால் கவர். அரிசியைத் தின்று செத்த ஆட்டை அறுத்தவர்களுக்கு அந்தப் புளித்த வாடை தெரியும்.

என்னை அழைத்த விடுதிக்காரர் நல்ல மனிதர். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. பின்பக்கம் அரை ஏக்கரில் குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் தீவனச் சோளமும் விதைத்து, சொட்டுநீர் போட்டு, ஓரத்தில் உப்புக்கட்டியும் தொங்கவிட்டிருக்கிறார். பச்சை குறைந்தால் மக்காச்சோளம் தூவுவாராம். யூடியூப்பில் பார்த்த யோசனை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காடுகளில் இப்படித் துண்டு நிலத்தில் தீவனம் விதைத்து மானை வரவழைப்பது உண்மைதான். எதற்கு? பெரும்பாலும் சுடுவதற்கு! அங்கே வேட்டைக்கு உரிமமும் பருவமும் உண்டு. அங்கேயே, மான்கள் ஒரே இடத்தில் கூடித் தின்றால் நோய் பரவும் என்று பல மாநிலங்கள் தீனி போடுவதைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. நம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே தீனி காட்டி இழுப்பதையும் சேர்த்திருக்கிறது.

"கோடையில காட்டுல என்ன சார் இருக்கு? பாவம், பசியில வருதுங்க." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கோடையில் மான் இளைக்கும். மழை வந்தால் தேறும். அதன் உடம்பு அப்படிப் பழகியது. புல் காய்ந்தால் இலை தழைக்கும் உதிர்ந்த கனிகளுக்கும் மாறிக்கொள்ளும். முதுமலையில் நெல்லி உதிரும் காலத்தில் நடந்து பாருங்கள். மான் தின்று, அசைபோடும்போது துப்பிய கொட்டைகள் கிடக்கும். மரத்தில் மந்தி பாதி தின்று போடும் தழையும் கீழே நிற்கும் புள்ளிமானுக்குத்தான். உங்கள் மசால் கொல்லைக்கு அது வருவது ருசிக்காக. கல்யாணப் பந்தியில் பட்டினி கிடந்தவர்கள் மட்டுமா உட்காருகிறார்கள்? மானின் தீனி உண்மையிலேயே குறைகிறது என்று கவலைப்பட்டால் உன்னிச்செடியைப் பாருங்கள். புல் வளர வேண்டிய இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்குவதை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

சோளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு இருக்கும், மாட்டை விடக்கூடாது என்று மாடு வளர்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மானுக்கும் அதே அசைபோடும் வயிறுதான்.

மான் கூடும் இடத்துக்குச் சிறுத்தையும் வரும். விடுதி நாய் மாசியிலேயே காணாமல் போனதை அவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார். பக்கத்து ஊர் மாடுகளும் அதே உப்புக்கட்டியை நக்குகின்றன. கோமாரி பரவ அது போதாதா? மான் உடம்பிலிருந்து உதிரும் உண்ணி, களை எடுக்க வரும் பெண்களின் காலில் ஏறும்.

உப்புக்கட்டியை இன்றே கழற்றுங்கள். தானியம் தூவாதீர்கள், ஒரு பிடிகூட. சமையல் கழிவை மூடி போட்ட தொட்டியில் பூட்டி வையுங்கள். பழத்தோல்தானே என்று வெளியே வீச வேண்டாம். மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அடிபட்ட மானைக் கண்டால் துரத்திப் பிடிக்காதீர்கள், காயத்தைவிட அந்தப் பதற்றமே அதைக் கொன்றுவிடும். வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க வரும் விருந்தினரைத் தள்ளி நிறுத்துங்கள். அந்த உதவியை மட்டும் செய்யுங்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

மசால் விதை மிச்சமிருந்தால் ஊருக்குள் மாடு வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். தொழுவத்தில் கட்டி வளர்க்கும் கறவை மாட்டுக்கு, அளவாகப் போட்டால், அது அருமையான தீவனம்.