ஆத்தங்குடி பட்டறைக்கு ஒரு செயலி வடிவமைப்பது எப்படி?

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கு ஆர்டர் எடுக்க ஒரு செல்போன் செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உடனே திரையை வரையக் கை துறுதுறுக்கும். பெரும்பாலான செயலிகள் கெடுவது அங்கேதான். பயனரை மையமாகக் கொண்ட வடிவமைப்புக்கென்றே ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் 9241-210 என்ற தரநிலை 2010இல் வந்தது, 2019இல் திருத்தப்பட்டது. யார், எங்கே, எந்த நிலையில் புழங்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்வதைத்தான் அது முதலில் வைக்கிறது.

ஆகவே பட்டறையில் ஒரு முழுநாள் உட்கார வேண்டும். கேள்விகளைக் குறைத்துக்கொண்டு வேலை செய்பவர் கையைப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சாயக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த மணல் சிமென்ட் கலவையைத் தூவி, ஈரச் சாந்தை வைத்து அழுத்தி வழித்துவிடுகிறார்கள். சாயங்கள் ஒன்றோடொன்று கலப்பதற்குள் இது முடிந்தாக வேண்டும். அந்த நேரத்தில் போன் அடித்தால் சிமென்ட் கையோடுதான் எடுக்க வேண்டும்.

இன்றைய போன்களின் தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் படும் இடத்தில் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு, மாறுவதைத்தான் உணர்கிறது. ஈரத் துளியை அது விரல் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். விரலில் காய்ந்த சிமென்ட் படிந்திருந்தால் தொட்டதே அதற்குத் தெரியாமல் போகலாம். அதனால் '30 நொடிக்குள் ஆர்டரை ஏற்கவும்' என்ற முறை பட்டறையில் நடக்காது. கை கழுவியபின் மொத்தமாகப் பார்க்கும்படி ஆர்டர்கள் காத்திருக்க வேண்டும். பொத்தான் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டு திரைகளுக்கான அளவு அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. பட்டறைக்கு அதைவிடப் பெரிதாகவே வையுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு அறைக்குள் போதும். டைல்ஸ் கல் காயவைக்கும் வெயிலில், திரையில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டையும் வெளிறச் செய்வதால் அது போதாது.

அடுத்த சிக்கல் கணக்கில். வீட்டுக்காரர் சதுர அடியில் கேட்பார், பட்டறை எண்ணிக்கையில் கொடுக்கும். ஒரு சதுர அடிக்கு 10 அங்குலக் கல் என்றால் 1.44, 8 அங்குலம் என்றால் 2.25. 10க்கு 12 அடி வீட்டு முகப்புத் தரைக்கு முதல் அளவில் 173 கல், இரண்டாவதில் 270. வெட்டுக்கும் உடைப்புக்கும் 10 சதவீதம் சேர்த்தால் 173 என்பது 191 ஆகும். அந்த உபரியைச் செயலி தானாகவே சேர்த்துக் காட்ட வேண்டும். கையால் கலக்கும் சாயம் தடவைக்குத் தடவை சற்று மாறும் என்பதால், பிறகு வாங்கும் கல் தரையில் தனியாகத் தெரியும். பார்டர் கல்லை அடிக்கணக்கில் தனியாகக் கேட்டு, அது பிடிக்கும் பரப்பை நடுக் கல்லின் கணக்கிலிருந்து கழிக்கவும் வேண்டும்.

இதற்குப் பிறகுதான் திரை, அதுவும் காகிதத்தில். தாளுக்கு ஒரு திரை வரைந்து வேலையை மட்டும் சொல்லுங்கள்: "அண்ணே, உங்க முகப்பு 10க்கு 12. எத்தனை கல் ஆகும்னு இதுல பாருங்க." "இதைத் தொடணுமா தம்பி?" என்று கேட்டால் விளக்கிவிடாதீர்கள். "உங்களுக்கு என்ன தோணுதுண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிழை அங்கே இருக்கிறது. "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பதை முடிவாக எடுக்கவே கூடாது. வீடு தேடி வந்தவரின் மனம் நோகக்கூடாதென்று சொல்வது அது.

இப்படிக் காட்டிப் பார்க்க எத்தனை பேர் போதும்? ஒருவர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டு வந்தால், ஐந்து பேரில் சுமார் 84 சதவீதம் வெளிவரும் என்பது பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த நீல்சன், லேண்டவர் இருவரின் 1993 கணக்கு. பதினைந்து பேரை ஒரே மூச்சில் பார்ப்பதைவிட, ஐவரிடம் காட்டி, திருத்தி, வேறு ஐவரிடம் காட்டுவது மேல். பட்டறைக்காரரும் வீட்டுக்காரரும் வேறு வேறு பயனர்கள், ஆகவே தனித்தனி ஐவர். சிங்கப்பூரில் இருந்தபடி பூர்வீக வீட்டைப் புதுப்பிப்பவருக்குத் திரையில் தெரியும் சிவப்பை நம்பி முன்பணம் கட்டச் சொல்லக்கூடாது. மாதிரிக் கல் போய்ச் சேர்ந்து, அவர் சரியென்ற பிறகே பணம் கேட்கும் கட்டம் வர வேண்டும்.

வெளியிட்டபின் எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை விடுங்கள். செயலியில் வந்த ஆர்டரில் எத்தனையைப் போன் போட்டுத் திருத்த வேண்டியிருந்தது என்று வாராவாரம் எண்ணுங்கள்.