ஏசி கேஸைக் காற்றில் விடாதீர்கள், கலக்கவும் விடாதீர்கள்

சித்திரை வெயில் தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் ஏசி வேலைக்கு ஓய்வே கிடையாது. வீடு மாறுகிறவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "இருக்கிற கேஸ் போனா போகட்டும் அண்ணாச்சி, புதுசா ஏத்திக்கலாம்." நட்டைத் தளர்த்தினால் 'உஸ்'ஸென்று வெளியேறிவிடும். வாடை தெரியாது, கண் எரியாது. அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. ஆனால் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் அது சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

சரி, பிடித்து வைத்து என்ன செய்வது? ஆர்-410ஏ என்பதே பாதி ஆர்-32, பாதி ஆர்-125 சேர்ந்த கலவை. இன்றைய புது ஏசிகளில் பெரும்பாலும் வருவது ஆர்-32. பூமியைச் சூடாக்கும் திறன், கார்பன் டை ஆக்சைடுக்கு 1 என்று வைத்தால், அதற்கு 675தான், ஆர்-125க்கு 3,500. பிரித்தால் ஆர்-32 அப்படியே பயன்படும். சிக்கல் என்னவென்றால், ஒன்று மைனஸ் 52 டிகிரியிலும் மற்றது மைனஸ் 48 டிகிரியிலும் கொதிக்கும். சேர்ந்துவிட்டால் ஏறக்குறைய ஒரே பொருள் போலவே ஆவியாகும். சாதாரணக் காய்ச்சி வடித்தலுக்கு அசையாது.

இங்கேதான் அயனித் திரவங்கள் வருகின்றன. உப்புதான், ஆனால் சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும். ஆவியாகிப் போவது மிகமிகக் குறைவு. உயரமான கலனில் மேலிருந்து இதை இறக்கி, கீழிருந்து கேஸை ஏற்றினால், தகுந்த திரவம் ஆர்-32ஐத் தன்னுள் அதிகம் கரைத்துக்கொள்ளும். ஆர்-125 மேலே போய்விடும். பிறகு சூடேற்றி அழுத்தத்தைக் குறைத்தால் ஆர்-32 தனியே வரும், திரவம் மறுபடி வேலைக்குத் திரும்பும். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஷிஃப்லெட் குழு இதில் தொடர்ந்து உழைக்கிறது.

இப்படிப் பூமியைச் சூடாக்கும் குளிரூட்டும் கேஸ்களைக் குறைக்க உலக நாடுகள் செய்துகொண்ட கிகாலி திருத்தம் என்ற ஒப்பந்தத்தின்படி இந்தியா 2028இல் இந்த வகைக் கேஸ்களின் அளவுக்கு உச்சவரம்பு வைத்து, 2032 முதல் குறைக்க வேண்டும். அப்போது பழைய ஏசியில் இருக்கும் கேஸும் சரக்குதான்.

ஆனால் கண்டதையும் ஒரே சிலிண்டரில் அடைத்தால் எந்தத் தொழில்நுட்பத்துக்கும் வேலை கடினம். மெக்கானிக் தம்பிகளே, பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22க்கு ஒரு சிலிண்டர், 410ஏக்கு ஒன்று, 32க்கு ஒன்று. பெயரை எழுதி ஒட்டுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவே கூடாது.

வீட்டுக்காரர்கள் ஏசியைக் கழற்றும்போது 'பம்ப் டவுன்' செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஏசி ஓடும்போதே சிறிய குழாயின் வால்வை மூடி, கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கியதும் பெரியதையும் மூடி, உடனே நிறுத்தினால் கேஸ் அவுட்டோர் யூனிட்டிலேயே தங்கும். கம்ப்ரசர் செத்திருந்தால், கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் ரெக்கவரி மெஷின்தான் வழி. பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும். அங்கே போனால் முதலில் வெட்டுவது செம்புக் குழாயைத்தான்.