வாசற்படியில் படுத்திருப்பது

“பிரதர், நான் சூதாடுற ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு நம்பர் வாங்குவேன், அவ்வளவுதான்.”

சிங்கப்பூரில் குடும்ப ஆலோசகராக இருக்கும் எனக்கு இது கேட்டுப் பழகிய பேச்சு. அன்று இதைச் சொன்னவர் வாரம் தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். (அவரை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் மாற்றியிருக்கிறேன்.) பணப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலாக மடித்து, ஓரம் நைந்துபோன 4டி சீட்டுகள், அதாவது நாலு இலக்க எண் லாட்டரிச் சீட்டுகள். ஒன்றைக் காட்டி, இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். காலையில் சபையில் பாடிய கீர்த்தனையின் எண்ணோடு, போதகர் வாசித்த அதிகாரத்தின் எண்ணைச் சேர்த்திருக்கிறார். ‘அடிச்சா பத்தில் ஒரு பங்கு ஆலயத்துக்கு’ என்று ஜெபமும் செய்திருக்கிறார்.

எனக்குக் கண்டிக்க மனம் வரவில்லை. துக்கமாக இருந்தது. ஆசை ஜெபத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வரும்போதுதான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

சத்துரு, அதாவது பிசாசு, என்றதும் வேதாகமத்தில் பேதுரு சொன்ன கெர்ச்சிக்கிற சிங்கம்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் தம்பிமேல் எரிச்சலாயிருந்த காயீனிடம் கர்த்தர் சொன்னதைப் பாருங்கள்: ‘பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்.’ படுத்திருப்பதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போகிறோம்.

4டியில் 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு விழுவது 23 எண்களுக்கு. டோட்டோ என்ற இன்னொரு லாட்டரியில் ஆறு எண்ணும் பொருந்த ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். அதனால் நான் கணக்கை விட்டுவிட்டு நேரத்தைக் கேட்டேன். இயேசுவிடம் சோதனைக்காரன் வந்தது நாற்பது நாள் உபவாசத்துக்குப் பின், பசி எடுத்த வேளையில். உங்கள் பசி வேளை எது?

கொஞ்ச நேரம் யோசித்தார். சம்பளம் வந்து, ஊருக்கு அனுப்பி, கடனையும் கட்டிவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று கைப்பேசியில் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம் என்றார். இன்னொருவருக்கு அது இரவு வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் தனியாக உட்காரும் நேரமாக இருக்கலாம். அங்கே வருவது ஆபாசப் படமாகவோ, பொறாமையாகவோ இருக்கலாம். எதுவானாலும், மனைவிக்குத் தெரியாமல் மடித்து வைக்கத் தோன்றினால் அதைச் சத்துரு என்றே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஜெபம் மட்டும் போதும் என்று சபையில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜெபியுங்கள், அப்புறம் 1800-6-668-668 என்ற சூதாட்ட உதவி எண்ணையும் அழையுங்கள். சூதாட்டக்கூடத்துக்குள் போகாதபடி தன்னைத் தானே தடைசெய்துகொள்ள விண்ணப்பிக்கலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம்.

அவர் அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு குலுக்கல் நேரமான மாலை ஆறரைக்கு இருவரும் தங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருந்தார்களாம். கைப்பேசி மனைவியின் பையில். இரண்டு முறை அவர் மணி கேட்டாராம். இரண்டு முறையும் அந்த அம்மா மணியை மட்டும் சொன்னாராம்.