ஃபிஷிங்: நம் ஊர்த் தமிழில் 'தூண்டில்'

பெரியம்மாவின் போனுக்கு வங்கியிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. தமிழில்தான் அனுப்பியிருந்தார்கள், 'ஃபிஷிங் தாக்குதல்கள் குறித்து அவதானமாக இருங்கள்' என்று. தேயிலை மலையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, இது என்ன, மீன் லொறியப் பத்தியா போட்டிருக்காங்க?"

அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் இதே பெரியம்மா ஒரு போன் அழைப்பில் 27,000 ரூபாயை இழந்திருந்தார். இலங்கையில் எங்கள் தோட்டத்து நாள் சம்பளம் 2024 இல் 1,350 ரூபாய் ஆனது, அந்தக் கணக்கில் பார்த்தால் 20 நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்து. வங்கி, கம்பெனி என்று நடித்து நம் இரகசிய விவரங்களைக் கறப்பதற்குத்தான் ஃபிஷிங் என்று பெயர். தனக்கு நடந்ததன் பெயர்தான் அந்தச் செய்தியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே இல்லை. அன்றைக்குத்தான் இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். பெயரே விளங்காத ஒன்றிடமிருந்து ஒருவர் எப்படி ஒதுங்கி நிற்பார்?

சரி, சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மீன் பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்தான 'எஃப்'ஐ எடுத்துவிட்டு 'பிஎச்' என்று இரண்டு எழுத்தைப் போட்டால் இந்தச் சொல். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் இது பிறந்தது. அப்போது இணையத்தில் இருக்கப் பணம் கட்ட வேண்டும், அதனால் மற்றவர்களுடைய கணக்கைப் பிடித்து அதில் நுழைகிற ஒரு கூட்டம் இருந்தது. 'நாங்கள் நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கடவுச்சொல்லைத் தாருங்கள்' என்று ஆயிரம் பேருக்கு அனுப்பினால் நாலு பேராவது கொடுப்பார்கள், அதைத்தான் அவர்கள் மீன் பிடிப்பது என்றார்கள். 1996 ஜனவரியில் இணையக் குழு ஒன்றில் இந்தச் சொல் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. 'பிஎச்' வந்த வழி வேறு. 1970களில் தொலைபேசி வலையமைப்பை ஏமாற்றிக் காசில்லாமல் பேசியவர்கள் தங்கள் வேலைக்கு 'ஃப்ரீக்கிங்' என்று பெயர் வைத்து, தொலைபேசியைக் குறிக்கும் 'ஃபோன்' என்ற சொல்லின் முதலிரண்டு எழுத்தை அதில் ஒட்டியிருந்தார்கள். அந்த மரபைப் பார்த்து வந்தவர்கள் மீனுக்கும் அதே எழுத்தைப் போட்டுவிட்டார்கள்.

இங்கேதான் நமக்குச் சிக்கல். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் எழுத்து மாறியிருப்பது கண்ணில் படும், ஏதோ வேறு விஷயம் என்று தெரியும். தமிழில் 'ஃபிஷிங்' என்று எழுதினாலும் 'பிஷிங்' என்று எழுதினாலும் அந்த வித்தியாசம் அடியோடு போய்விடுகிறது, மிஞ்சுவது மீன் மட்டும்தான். பெரியம்மா மீன் லொறியைக் கேட்டது சரியான வாசிப்பு. அந்த எழுத்துகளுக்குள் வேறு எதுவும் இல்லை.

தமிழில் இதற்கு மின்தூண்டில், தூண்டிலிடல், இணையவழி மோசடி என்று பலவிதமாக எழுதுகிறார்கள். இணையவழி மோசடி என்பது பெரிய சாக்குப் பை மாதிரி, போலிக் கடை, போலி வேலைவாய்ப்பு, பிரமிட் திட்டம் எல்லாமே அதற்குள் கிடக்கும். ஆள் எப்படி மாட்டுகிறார் என்பதை அந்தச் சொல் காட்டாது. மின்தூண்டில் நல்ல ஆக்கம்தான், ஆனால் எங்கள் பக்கம் 'மின்' என்றால் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வருகிற கரண்ட், கரண்ட் பில். அதோடு நான் பார்த்தவரை இங்கே தூண்டில் பெரும்பாலும் சாதாரண போன் பேச்சில்தான் வருகிறது. அதனால் நான் 'மின்'னை விட்டுவிட்டு 'தூண்டில் மோசடி' என்று எழுதுகிறேன், வீட்டில் பேசும்போது வெறும் 'தூண்டில்'.

தூண்டு என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், சண்டைக்குத் தூண்டிவிடுகிறோம், ஆசையைத் தூண்டுகிறோம். இருக்கிற ஒன்றைக் கிளப்பிவிடுவதுதான் தூண்டுதல். ஆங்கிலச் சொல் மீன் பிடிப்பதைச் சொல்கிறது, தமிழ்ச் சொல் மீனுடைய பசியையும் சேர்த்துச் சொல்கிறது. அதனால் தமிழ்ச் சொல்லே இந்த மோசடிக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதல் குறள் (931) இதைத்தான் உவமையாக எடுக்கிறது: 'வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று.' சூதில் ஜெயித்தாலும் அதை விரும்பாதே, அந்த ஜெயிப்பு தூண்டிலின் இரும்பை இரை என்று நினைத்து மீன் விழுங்கியது போல என்கிறார். பொன் என்பது இங்கே இரும்பு. 'உங்கள் நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கிறது' என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறள்தான் வருகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. குறுஞ்செய்தியில் வந்தால் 'ஸ்மிஷிங்', குரலில் வந்தால் 'விஷிங்', கியூஆர் கட்டத்தில் வந்தால் 'குவிஷிங்' என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. நமக்கு குறுஞ்செய்தித் தூண்டில், குரல் தூண்டில் என்றாலே போதும்.

காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தூண்டிலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முள் இருக்கிறது, முள்ளை மறைக்க மண்புழு இருக்கிறது, மேலே தக்கை மிதக்கிறது, கரையில் ஒரு ஆள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். பெரியம்மாவுக்கு வந்த அழைப்பிலும் இதெல்லாம் அப்படியே இருந்தது. போன் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் நல்ல தமிழில், நம் ஊர்ப் பேச்சிலேயே, "அம்மா" என்றுதான் பேசியிருக்கிறான். குலுக்கலில் ஒரு லட்சம் விழுந்திருக்கிறதாம், அது மண்புழு. சரிபார்க்க அடையாள அட்டை இலக்கம் கேட்டான், கொடுத்தார். உடனே அவன் "உங்க பிறந்த நாள் இன்ன தேதிதானேம்மா" என்று சரியாகச் சொல்லிவிட்டான். அந்த இடத்தில்தான் பெரியம்மா முழுசாக நம்பினார், என்னைத் தெரியாதவனுக்கு என் பிறந்த நாள் எப்படித் தெரியும் என்று.

அது எப்படித் தெரிந்தது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 இலிருந்து வருகிற 12 எண் இலக்கத்தில் வருடம் நாலு எண்ணாக முழுசாகவே இருக்கிறது. ஆக இலக்கத்தைச் சொன்ன அந்த நிமிடமே பிறந்த தேதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். அவன் அதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். பிறந்த வருடத்தையே ஏடிஎம் கார்டுக்கு இரகசிய இலக்கமாக வைத்திருப்பவர்கள் இதை வாசித்த கையோடு மாற்றிவிடுங்கள்.

பரிசுப் பணத்தைப் போட வேண்டும் என்று கணக்கு இலக்கத்தைக் கேட்டான். அப்புறம் "ஒரு கோட் வரும்மா, அதை மட்டும் சொல்லுங்க" என்றான். முள் அதுதான். ஓடிபி என்கிறோமே, அதை ஒருமுறைக் கடவுச்சொல் என்று தமிழில் எழுதுகிறார்கள், அர்த்தம் சரிதான், நானும் எழுதும்போது அப்படித்தான் எழுதுவேன். ஆனால் 'கோட்' என்ற சொல் வேறு வேலை செய்கிறது. கோட் என்றால் ஏதோ கம்பெனிக்காரனுடைய பொருள், அவன் அனுப்பினான் அவனே கேட்கிறான் என்றுதான் கேட்பவர் நினைக்கிறார். உண்மையில் அது நம் கணக்குடைய சாவி, நம் கைக்கு மட்டும் வந்தது. அதனால் வீட்டில் அதற்குச் 'சாவி இலக்கம்' என்றே பெயர் வைத்துவிட்டேன். லயத்துக் கதவின் சாவியை யாராவது போனில் கேட்டால் கொடுப்போமா? வாட்ஸ்அப்பிலும் இதேதான், தெரிந்தவர் பெயரில் வந்து '6 எண் ஒன்று தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்பார்கள், அனுப்பினால் நம் வாட்ஸ்அப் அவர்கள் கையில், அதிலிருந்து நம் சொந்தக்காரர்களிடம் அவசரக் கடன் கேட்பார்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு வைத்தால் அந்த 6 எண் மட்டும் அவர்களுக்குப் போதாது.

அடையாளத் திருட்டு என்ற சொல்லையும் இங்கே தொட்டுவிட வேண்டும், இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. திருட்டு என்றால் பொருள் காணாமல் போக வேண்டும், கோழி திருட்டுப் போனால் காலையில் கூடு வெறுமையாக இருக்கும். இதில் எதுவும் காணாமல் போவதில்லை, அட்டை நம் பர்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் திருட்டுப் போனதே தெரிவதில்லை. நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது, ஆள்மாறாட்டம். பரீட்சையில், தேர்தலில், கோர்ட்டில் எல்லாரும் சொல்கிற சொல். விவரத்தை எடுப்பது அடையாளத் திருட்டு, எடுத்த விவரத்தை வைத்து நம் பெயரில் சிம் எடுப்பதும் கடன் வாங்குவதும் ஆள்மாறாட்டம் என்று பிரித்துச் சொன்னால் வயதானவர்களுக்குச் சட்டென்று விளங்குகிறது.

இலங்கை மலையகத்தில் இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். மிச்சமிருந்தவர்களுக்கு உரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003 இல். பழைய அட்டை இலக்கத்தின் முடிவில் இருக்கிற 'வி' வாக்குரிமை உள்ளவருக்கு, 'எக்ஸ்' இல்லாதவருக்கு, அந்த ஒரு எழுத்தைப் பார்த்து வயிறு கலங்கியவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். அப்படிக் கஷ்டப்பட்டுக் கையில் வந்த அட்டையை யார் கேட்டாலும் உடனே எடுத்து நீட்ட வேண்டும், தயங்கினால் பிரச்சினை வரும் என்ற பழக்கம் நம் பெரியவர்களுக்கு இரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. அது அவர்கள் பிழையே இல்லை. ஏமாற்றுகிறவன் அதன்மேல்தான் தூண்டிலைப் போடுகிறான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

டவுனில் போட்டோகொப்பி எடுக்கப் போனால் எடுத்த பிரதிகளை எண்ணி வாங்குங்கள், மங்கலாக விழுந்ததையும் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். எங்காவது பிரதி கொடுக்க வேண்டியிருந்தால் அதன் குறுக்கே 'இன்ன தேவைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். நம் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்ற சந்தேகம் வந்தால் கொடுகடன் தகவல் பணியகத்தில், அதாவது கிரிப்பில், நம் அறிக்கையை நாமே கேட்டு எடுக்கலாம்.

குறுஞ்செய்தித் தூண்டில் பற்றியும் ஒரு வார்த்தை. பார்சல் வந்திருக்கிறது, விலாசம் பிழை, சின்னக் கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வந்த செய்திகளைப் பற்றித் திணைக்களமே எச்சரித்திருந்தது. இணைப்பைத் தொடுவதற்கு முன் அதன் முகவரியைப் பாருங்கள். இரட்டைச் சாய்கோட்டுக்கு (//) பிறகு வருகிற முதல் ஒற்றைச் சாய்கோட்டை (/) கண்டுபிடித்து, அதற்கு முன்னால் இருப்பதைப் பின்பக்கமிருந்து வாசிக்க வேண்டும். அரசாங்கத் தளம் என்றால் அந்த இடத்தில் 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடியும். முன்னால் 'போஸ்ட்' என்று எத்தனை தடவை எழுதியிருந்தாலும் கணக்கில்லை.

முள் ஏறிவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் முதலில் வங்கிக்குப் போன் போட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும். இலக்கத்தை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலிருந்து எடுங்கள், வந்த செய்தியில் இருக்கிற இலக்கத்துக்கு எடுக்காதீர்கள். வந்த செய்தியை அழிக்கக் கூடாது, பொலிஸில் காட்ட அதுதான் சாட்சி. 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு கொடுக்க நமக்கு உரிமை உண்டு. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 ஐ அழைத்தும் சொல்லலாம்.

பெரியம்மாவின் பணம் திரும்பவில்லை. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார், ஏச்சு விழும் என்று பயந்து, அதற்குள் எல்லாம் எடுத்து முடிந்துவிட்டது. இப்போது வீட்டுச் சுவரில் தொங்குகிற கலண்டரின் ஓரத்தில் 'தூண்டில்' என்று தலைப்புப் போட்டு வங்கியின் இலக்கத்தையும் 101 ஐயும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம், கீழே என் நம்பரும் இருக்கிறது.